பியருக்குப் பார்த்த தண்ணி

அந்த டுக்கு டுக்குச் சத்தம் கறவை மிஷின் தம்பி. நிறுத்த முடியாது, இன்னும் பதினாலு மாடு நிக்குது. நீ சத்தமாவே பேசு.

என்ன காகிதம்? தண்ணி டெஸ்டா? பியர் காய்ச்சறவனுக்கு நாக்கு போதாதா, ஓவன் தம்பி? இந்த விஸ்கான்சின்ல எங்கப்பன் காலத்துலேர்ந்து வீட்டுக்கு வீடு காய்ச்சறாங்க, எவனும் கிணத்துத் தண்ணிய லேபுக்கு அனுப்பினதில்ல. சுண்ணாம்பு எவ்வளவுன்னு பார்க்கத்தானா? சரி, கீழ பூரா வெடிப்பு விட்ட சுண்ணாம்புப் பாறை, கறுப்பு பியருக்கு அருமையான தண்ணியாச்சே. போன அக்டோபர்ல நானே உன்கிட்ட மூணு பாட்டில் வாங்கிக் குடிச்சேன்.

நைட்ரேட்டா? அத யாரு பார்க்கச் சொன்னா? ஓ, சேர்த்தே பார்த்துட்டானா. லேபுக்காரன் சும்மா எதையும் பார்க்க மாட்டான், பின்னாலயே வடிகட்டி விக்க வருவான் பாரு.

முப்பத்தொண்ணு. பத்துக்குள்ள இருக்கணுமாக்கும். அதுக்கு எங்கிட்ட ஏன் வந்தே? என் சாணிக்குழி உன் கிணத்துலேர்ந்து நானூறு அடி. அந்தப் பக்கத்துச் சோளக்காட்டுக்காரன் உரமே போடலியா? அவன்கிட்டயும் காட்டினியா, இல்ல என்கிட்ட மட்டும்தானா? என் பேரு அதுல எழுதியிருக்கா, காட்டு.

தள்ளி நில்லு, இவ உதைப்பா.

உன் பொண்டாட்டி பார்த்துட்டாளா? இன்னும் இல்லியா. காட்டாதே. ஒரு வாரம் பொறு.

யாருக்கு ஆகாது, பாப்பாவுக்கா? தாய்ப்பால் தானே? பவுடரா. அத எந்தத் தண்ணியில கலக்கறீங்க? குழாய்த் தண்ணியா... காய்ச்சித்தானே?

ஆமா. காய்ச்சினா இன்னும் மோசம்தான். தண்ணி ஆவியாப் போயிடும், அது தங்கிடும். தெரியும். பச்சப்புள்ள ரத்தத்துல அது ஏறினா நீலம் பாயும், ஒதட்டுல ஏதும் இல்லேல்ல? நகத்துல? வெளிச்சத்துல வச்சுப் பாத்தியா?

எனக்கு எப்படித் தெரியும்னா... நாலு பேரு சொல்றதுதான்.

அது என்ன கையில, காலி பாட்டில்? என் குழாயிலயும் பிடிச்சு அனுப்பப் போறியா? வேணாம். நாங்க ஏப்ரல்லயே அனுப்பிட்டோம். உன் பாப்பா பொறந்தாளே, அந்த வாரம்தான் சாணிக்குழியோட அடித்தளம் வெடிச்சுது. என் வீட்டுக்காரி லோரெய்ன் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு சர்ச்சுக்குப் போறப்ப அங்க கேன்ல தண்ணி பிடிச்சுட்டு வந்துடுவா. நானும் அவளும் குடிக்கறது அதுதான்.

வண்டியில ரெண்டு கேன் நிறைஞ்சிருக்கு. பாப்பாவுக்கு எடுத்துட்டுப் போ.

போறப்ப அந்தத் துணிய இப்படிப் போடு. அடுத்தவளுக்கு மடி தொடைக்கணும்.