தீவில் ஒரு டபுள் ஷிப்ட்

"ஹலோ… குலசிங்கம் அண்ணையோ? பிரதாபன் கதைக்கிறன்… ஓம் ஓம், கேக்குது, கத்தாதேங்கோ… வதனி வந்திட்டாவோ?… இறங்கினவுடன என்ன கேட்டவ?… ‘அவர் எங்கை’ எண்டோ… அழுதவவோ. சரி, அழட்டும். அஞ்சு வருசம் அழுதவ, பின்னேரம் வரைக்கும் அழமாட்டாவோ…"

தாலி கட்டி ஒரே மாதத்தில் கொழும்பில் விட்டுவந்த மனைவி இன்று காலைதான் ரொறொன்ரோவில் இறங்கியிருந்தாள். புருசனுக்கு ஃபக்டரியில் டபுள் ஷிப்ட் என்று நம்பி, விமான நிலையத்துக்குப் போனவர் அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் குலசிங்கம். புருசனோ ஏரிக்கு நடுவே சென்ரர் ஐலண்ட் என்ற உல்லாசத் தீவில், மூக்கில் வெயிலுக்குப் பூசிய வெள்ளைக் களிம்பும் முதுகில் இரவல் பையுமாக, போன் கூண்டுக்குள் சாய்ந்து நின்றான்.

"ஓம் அண்ணை, லீவு தரமாட்டினமாம்… என்ன சத்தமோ? அது… மிசின்."

‘டிக்’ என்று ஏதோ கேட்டது. அவன் அதைக் கவனத்தில் எடுக்கவில்லை.

"என்ன?… மிசின் சிரிக்குமோ எண்டு கேக்கிறியளோ… சரி சரி, உங்களுக்கு ஒளிக்கேலாது. ஐலண்டுக்கு வந்தனான்… ஏசாதேங்கோ! ஹொஸ்டல் ஆக்களோட. நாளைக்கு அவையள் மொன்றியல் போகினம், இண்டைக்கு விட்டால் எப்ப?… நாலு பேர் மிதிக்கிற சைக்கிள் அண்ணை. தாரா வாத்தைத் துரத்தி, எல்லாரும் புல்லுக்குள்ள விழுந்து, ஐயோ…"

ஃபக்டரி வேலை போக இரவில் ஹொஸ்டல் குசினியில் கோப்பை கழுவுகிறவன், அங்கே தங்கிய ஊர்சுற்றிகளிடம் தானும் ஒரு ஊர்சுற்றி, செலவுக்குத்தான் இந்த வேலை என்று அளந்து வைத்திருந்தான். ஊர் சிங்கப்பூர், பெயர் பிராட், கலியாணம் ஆகவில்லை. ஆளுக்கு வெட்கம் கிடையாது.

"ஆள் எப்பிடி, படத்தில மாதிரியோ?… மெலிஞ்சோ… என்ன, நரையோ! இருபத்தெட்டு வயசிலயோ!… அண்ணை, அந்தக் கோலத்தை உவையளுக்கு முன்னால எப்பிடிக் கொண்டுபோய் நிப்பாட்டுறது? வாயைத் திறந்தால் இங்கிலிஷும் வராது… பேஸ்மென்றில படுக்கட்டும்… படுத்திட்டாவோ, நல்லது. அப்பிடியே இருக்கட்டும்."

வெளியே சைக்கிள் மணி அடித்தது. ஹொஸ்டல் கூட்டத்து டென்மார்க் பெண் ஈவா, போனில் மனைவியோ என்று கேட்டுச் சிரித்தாள்.

"நோ, நோ வைஃப், ஈவா! ஜஸ்ட் மை லாண்ட்லோர்ட்! ஐ ஆம் எ ஃப்ரீ மேன்!… ஹலோ, அண்ணை… ஆரது லைனில? ஆர் இங்கிலிஷில கதைக்கிறது?"

அந்த வீட்டில் லைன் ஒன்று, போன் இரண்டு. மேலே குலசிங்கத்துக்கு ஒன்று, கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் அவனுக்கு ஒன்று. கீழே எடுத்தால் ‘டிக்’ என்று கேட்கும். இப்போதுதான் அவனுக்கு முதலில் கேட்ட அந்த ‘டிக்’ நினைவுக்கு வந்தது.

"வதனியோ… எப்ப போனை எடுத்தனீ?… மிசின் சிரிச்சதில இருந்தோ… பகிடியப்பா! அண்ணையோட சும்மா… நீ தமிழில கதை. தமிழில கதையன், வதனி… எங்க பழகினனீ உந்த இங்கிலிஷ்?… ஓம்… நான்தான் எழுதினனான். ஒவ்வொரு கடிதத்திலயும்… படிச்சுக்கொண்டு வா எண்டு… அஞ்சு வருசமும் ரியூட்டறி வகுப்புக்குப் போனனியோ…"

பதில் இங்கிலிஷிலேயே நீளமாக வந்தது. எல்லாம் அவனுக்கு விளங்கியது.

"வதனி, ஒருக்கா… அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ… என்ன?… என்ர உடுப்பை ஏன் வெளியில வைக்கிறியள்?… பூட்டையும் மாத்துறியளோ?… அவ இருக்கட்டும், ஆனால் அது என்ர பேஸ்மென்ற்! நான் எங்க படுக்கிறது?… அண்ணை, ஃப்ரீ மேன் எண்டது சும்மா ஒரு…"

முதலில் கீழ்ப் போன் வைக்கப்பட்டது. பிறகு மேல் போன்.