நீர்மூழ்கிக்கு எதற்கு ஓட்டல் லோடு?

அவைக்குத் தலைமை ஏற்று, முதுகையும் மூக்குக்கண்ணாடியையும் ஒருசேர நிமிர்த்தி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் வேதாச்சலம் ஐயா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, முறுக்குப் பொட்டலத்தோடு வந்திருக்கும் முத்தான தாய்மார்களே, கார்வேட்டிநகரம் பஸ்ஸைக் காரணம் காட்டி நழுவப் பார்க்கும் நண்பர்களே, மூன்றாம் வரிசையில் கைகட்டி, முகம் கடுகடுக்க வீற்றிருக்கும் என் தோழி ரூபாவின் நைனா, லாரி சம்பத் மாமா அவர்களே, அனைவருக்கும் பத்தாம் வகுப்பு ஷோபாவின் வணக்கம்.

நன்றியுரைக்கு எனக்கு இரண்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். நன்றி சொல்ல அரை நிமிடம் போதும். மீதியை நீருக்கடியில் செலவிட உத்தேசம்.

நாளை மறுநாள் திருப்பதியில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. நம் பள்ளியிலிருந்து தேர்வானது ஒன்றே ஒன்று: ரூபா செய்த அணுத்துணை நீர்மூழ்கி மாதிரி, அதாவது பேட்டரிக்குத் துணையாகக் குட்டி அணு உலை வைத்த கப்பல். ஆனால் அவள் போகக்கூடாது என்று நேற்று மாமா தடை போட்டுவிட்டார். ஏன்? வெயிலா? வழியா? வயிற்றுவலியா? இல்லை பெரியோர்களே. ஒரே ஒரு வரி. ரூபாவின் நோட்டில் கொட்டை எழுத்தில் இருந்த வரி: "ஓட்டல் லோடு, நூறு. இரவு பகல் நிறுத்தக்கூடாது."

சிரிக்காதீர்கள். சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைக்கு இருபது வருடம் லோடு அடித்தவர் அதை வேறு எப்படிப் படிப்பார்? திருப்பதியில் தெருவுக்கு நான்கு ஓட்டல் முளைக்கும் காலம் இது. ஆள் பிடிக்கும் வேன் ஊர் ஊராக வருகிறது. போன வருடம் நம் ஊரில் அதில் ஏறியவர்கள் பதினோரு பேர். அதில் மூன்று பேர் எங்கள் பெஞ்சுக்காரிகள். "கண்காட்சின்னு சொல்லிக்கினு ஓட்டலுக்கு மூட்டை தூக்கவா போற?" என்று மாமா கேட்டதில் கோபம் கால்வாசி, பயம் முக்கால்வாசி.

ஆகவே மாமா, அந்த ஓட்டலை இங்கேயே இழுத்து மூடுகிறேன்.

நீர்மூழ்கி என்றதும் நீர் முழிக்க வேண்டாம். கப்பல் நகராமல் நின்றாலும் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுக்காற்று வேண்டாமா? விளக்கு வேண்டாமா? சோறு வேண்டாமா? அதற்கெல்லாம் ஆகும் மின்சாரத்துக்குக் கப்பல்காரர்கள் வைத்த பெயர்தான் ஓட்டல் லோடு. அதில் மூட்டையும் இல்லை, மூட்டைப்பூச்சியும் இல்லை. ரூபாவின் கணக்கில் அது நூறு கிலோவாட். மெல்ல ஊர்ந்துபோக இன்னும் ஐம்பது. அவளுடைய குட்டி அணு உலை தருவது முந்நூறு. மிச்சம் நூற்றைம்பது பேட்டரிக்குப் போகும்.

"ஏ ஷோபா, வேகமா போனா?"

மூன்றாம் வரிசை பேசுகிறது, சபையோரே. வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், மாமா, தள்ளும் சக்தி எட்டு மடங்கு ஆக வேண்டும். ஐம்பது, நானூறாகும். ஓட்டலோடு சேர்த்து ஐந்நூறு. உலை கொடுத்ததுபோக இருநூறைப் பேட்டரி கொடுக்கும்.

"அப்போ மேடு ஏறும்போது பேட்டரி. சமதரையில மெல்லமா போய்க்கினே ரொப்பிக்கணும். அவ்ளோதானே? இதுக்கு எதுக்கு எண்பது பக்க நோட்டு?"

கேட்டீர்களா? நாங்கள் மூன்று மாதம் முட்டி மோதியதை மூன்று மூச்சில் முடித்துவிட்டார். ரூபாவுக்கு மூளை எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் ஆராய வேண்டாம்.

அவர் முகம் மலர்ந்திருக்கும்போதே ஓர் உண்மையையும் உடைத்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை உங்கள் லாரி கிளம்பாமல் எட்டுப் பேர் தள்ளினார்களே, அதற்கு முந்தின நாள் அந்த லாரியின் பேட்டரி எங்கள் நீர்மூழ்கிக்குள் இருந்தது. உலைக்குப் பதில் சைக்கிள் டைனமோ. மிதிக்க வேண்டியவள் நான். பாதியில் ஐஸ் வாங்கப் போய்விட்டேன். பேட்டரி படுத்துவிட்டது.

ஆனால் அன்றுதான் ரூபா எழுதினாள்: இரவு பகல் நிறுத்தக்கூடாது. பாய்ச்சல் காட்டுவது பேட்டரி. அதைப் பாயவைப்பது எது? பளபளக்காத, பரபரக்காத, நிற்கவே நிற்காத அந்தச் சின்ன உலை. அதைக் கண்டுகொண்டவள் வேன் ஏறப் போகவில்லை மாமா. மேடை ஏறப் போகிறாள். அணு எல்லாம் ஆயிற்று, இனி அனுப்பு மட்டும்தான் பாக்கி.

மாமா எழுந்து நிற்கிறார். அமைதி, அமைதி.

"என் லாரிலயே ஏத்திக்கினு போறேன். அந்த டப்பாவையும் சரி, அவளையும் சரி. நீ மட்டும் பேட்டரி பக்கம் வந்த, அவ்ளோதான்."

சபையோரே, ஓட்டல் லோடு ஏறிவிட்டது. தலைமை தாங்கியவருக்கும், தாங்கிக்கொண்ட உங்களுக்கும் நன்றி. அன்று லாரி தள்ளிய எட்டுப் பேருக்கு எட்டு மடங்கு நன்றி. வணக்கம்.