கலர் குடிக்காத!

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை போகும் காலை நேரப் பஸ். எனக்கு முன் சீட்டில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா. மடியில் பழத்தட்டு. பக்கத்தில் தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி புருஷன். குடிகாரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் காதை மூடிக்கொண்டா பஸ்ஸில் போக முடியும்?

“கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாப்ள வூட்டுக்குப் போறோம், கலர் குடிக்காதன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனேயா!”

“குடிக்கலமே. ஒரு சொட்டு கலர் ஊத்தல. பிராந்திய ராவாத்தான் அடிச்சேன்.”

“அடப்பாவி! நான் சொன்னது சோடாக் கட கலரா? எங்க கிளினிக் டாக்டர் சொன்னாரு. பிராந்தி, ரம்மு மாதிரி கலரா கீற சரக்குல இன்னா இன்னாவோ சேந்துகினு வருதாம். அதான் மறுநாள் மண்டைய இடிக்குதாம். வெள்ளச் சரக்குல அது கம்மியாம்.”

“இத நேத்தே வெளக்கமா சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லியிருந்தா வெள்ளச் சரக்கு வாங்கியாந்திருப்ப.”

அவர் சிரிக்கப் பார்த்தார். தலைவலி விடவில்லை.

தண்டையார்பேட்டை வந்தது. அந்த அம்மா எழுந்தார். புருஷன் எழவில்லை.

“நீ மட்டும் போமே. கண்ணு ரெண்டும் செவந்து கீது. பாத்தா சம்பந்தமே வேணாம்பாங்க. பொண்ணு மூஞ்சில எப்டி முழிப்பேன்?”

“அப்பன் இல்லாம நாள் குறிக்கிறதா? எந்திரி. நீ வாயத் தொறக்காத. பொண்ண பிரியப் போறோம்னு நைட்டெல்லாம் அழுதாருன்னு நான் சொல்லிக்கிறேன்.”

“அது பொய்யில்லமே,” என்றார் அவர். “அழுதப்புறம்தான் குடிச்சேன்.”