பக்கத்தில் உட்காருபவள்

ஸ்டேஷன் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று மன்னிப்புக் கேட்டீர்கள். எனக்கு அது தொந்தரவே இல்லை, சார். சத்தம் நின்றால்தான் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இத்தனை வருடம் இருந்த பழக்கம். குளிரூட்டிய அறையில் இயந்திரங்கள் இரைந்துகொண்டே இருக்க வேண்டும். அது இரையும்வரை கீழே வார்டுகளில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். யார் எந்தக் கட்டிலில், யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் எங்கள் இயந்திரத்துக்குள்தான் இருந்தன. முன்பு கட்டில் காலடியில் ஒரு அட்டை தொங்கும். டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்க முடியாமல் நர்ஸுகள் திண்டாடுவார்கள். அந்த அட்டையை எடுத்துவிடலாம் என்று சொன்னதே நான்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். நான் செய்ததில் பெரும்பாலானவை நல்ல எண்ணத்தில் செய்தவை. கேட்டு முடித்தபின் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அவனைத்தான் சொல்கிறேன். கூடப் பிறந்தவன் இல்லை. வேலையில் சேர்ந்த அன்று காலையில் என்னை மேடம் என்றான். மதியச் சாப்பாட்டுக்குள் அக்கா ஆகிவிட்டேன். என் வீட்டில் என்னை எப்படியும் கூப்பிட ஆள் இல்லை. அதனால் அந்தச் சொல் எனக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சிரிக்க வைப்பான். எங்கள் மேலாளர் எது நடந்தாலும் கூட்டம் போடுவார். அதனால் அவருக்கே 'கூட்டம்' என்று பேர் வைத்துவிட்டான். "அக்கா, கூட்டம் வருது, கூட்டம் வருது" என்று கிசுகிசுப்பான். நிமிர்ந்து பார்த்தால் ஒற்றை மனிதர் காபிக் கோப்பையோடு தனியாக வந்துகொண்டிருப்பார். சிரிப்பை அடக்க நான் மேஜைக்கு அடியில் எதையாவது தேடுவேன்.

வேலையை அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு, அதுவும் நான் கொண்டுவந்ததுதான். முக்கியமான எந்த உத்தரவையும் ஒருவர் தனியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கக் கூடாது. ஒருவர் தட்டச்சு செய்வார். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் படித்துப் பார்த்து 'சரி' என்பார். அதன்பிறகுதான் விசையைத் தட்டலாம். இன்னொன்றும் செய்தேன். நோயாளிகளின் உண்மையான விவரங்கள் உள்ள இயந்திரத்தைத் திறந்தால் திரை சிவப்பாக இருக்கும். சோதனை செய்து பார்ப்பதற்காக வைத்திருக்கும் இயந்திரம் பச்சை. எந்த இயந்திரம் என்று மேலே சின்ன எழுத்தில் பேரும் இருக்கும். ஆனால் நிறம் வந்தபின் பேரை யார் படிக்கிறார்கள்? சொந்த வீட்டுக் கதவு எண்ணைத் தினமும் யாராவது படித்துவிட்டா உள்ளே போகிறார்கள்?

அவன் தட்டச்சு செய்வான், நான் பக்கத்தில் இருப்பேன். "சரியாக்கா?" என்பான். "சரி" என்பேன். ஒரு நாளில் இந்த இரண்டு வார்த்தைகளை எத்தனையோ தடவை சொல்லிக்கொள்வோம். கணவன் மனைவிகூட இவ்வளவு பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது" என்றான்.

"உன்னை நான் எப்பத் திட்டினேன்?"

"நேத்துதான் திட்டினீங்க, டப்பாவைக் கழுவாம வச்சேன்னு."

"சரி, சொல்லு."

"வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்குக்கா. வீட்ல அவளுக்கும் அங்க போகணும்னு ஆசை. எல்லாம் நீங்க போட்ட பிச்சை."

எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்று சொன்னேன். கேக் வாங்கிவரச் செய்தேன். அவன் மனைவிக்குத் தனியாக ஒரு துண்டு கட்டிக் கொடுத்தேன். பிறகு வீட்டுக்குப் போய் யோசித்தேன். கோபம் இல்லை, சார். ஒரு அக்கா யோசிப்பதுபோலத்தான் யோசித்தேன். கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்காரன். புது இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? அங்கே போய்ப் பெரிதாக ஏதாவது செய்துவிட்டால்? இங்கேயே சின்னதாக ஒன்று நடந்தால், தனக்கு இன்னும் பக்குவம் போதாது என்று அவனுக்கே புரியும். போகிற நினைப்பு தானாகப் போய்விடும். நான் உடனே சரிசெய்துவிடுவேன். அரை மணி நேர விஷயம்.

சோதனை இயந்திரத்தில் சேர்ந்த குப்பையை அவ்வப்போது முழுதாக அழிப்போம். அன்று காலை அந்த வேலை இருந்தது. இரண்டு திரைகளையும் திறந்து வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன் வந்தது. வீடு பார்த்த விஷயம். பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனான். நான் சிவப்பைப் பச்சையாக்கினேன், பச்சையைச் சிவப்பாக்கினேன். சட்டைப் பொத்தான் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு. பச்சைத் திரையில் அழிக்கும் உத்தரவைத் தட்டச்சு செய்தான். "சரியாக்கா?" என்றான்.

"சரி" என்றேன்.

எங்கள் வேலையில் ஒரு போன் அடித்தால் யாரோ பாஸ்வேர்டை மறந்திருக்கிறார்கள். எல்லாப் போனும் சேர்ந்து அடித்தால் நாங்கள் எதையோ செய்துவிட்டோம். அன்று எல்லாப் போனும் அடித்தது; வார்டுகளில் ஒரு நோயாளியின் விவரமும் திரையில் வரவில்லை. அவன் பதறிப்போய் அவற்றை எடுக்க ஓடியபோது நிறங்களைப் பழையபடி மாற்றி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தவன் அப்படியே நின்றான். "பச்சையிலதானக்கா அடிச்சேன்?" என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "நானும் சரியாப் பார்க்கலப்பா. என் மேலயும் தப்பு இருக்கு" என்றேன். அப்போது அவன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாள் விவரத்துக்கும் தானாக ஒரு நகல் எடுத்து வைக்கும் இயந்திரம் எங்களிடம் உண்டு. அதை நம்பித்தான் அரை மணி என்று கணக்குப் போட்டிருந்தேன். திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. நகல் எடுக்க முடியவில்லை என்று அது பல வாரமாக எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் அது எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை அனுப்பும். தொல்லை தாங்காமல் அவற்றையெல்லாம் யாரும் பார்க்காத ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டிருந்தோம். எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் சேர்ந்து செய்த காரியம் அது. இதில் என்னை மட்டும் குறை சொல்ல முடியாது.

அதன்பிறகு அந்த அறை மாறிப்போனது. கடைசியாகக் கை வைத்தது யார் என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் கேள்வி. மேலாளர் அதைக் கேட்டபடியே வந்தார். கேபிள் இழுக்கிறவர் தன் பையைத் திறந்து காட்டி, நான் எதையும் தொடவில்லை என்றார். ஒருவர் நாற்காலியை இன்னொருவர் கவனித்தார். தம்பி கழிப்பறைக்குப் போனபோது மேலாளர் என் பக்கம் குனிந்து, "பையன் வேற வேலைக்குப் போறானாமே? வேணும்னே செஞ்சிருப்பானோ?" என்றார். "சேச்சே, அப்படிப்பட்ட பிள்ளை இல்லை சார்" என்றேன். சொன்ன விதத்தில் கொஞ்சம் இடைவெளி விழுந்திருக்கலாம். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது என் மேஜை இழுப்பறைக்கு வருகிறேன். யாரையும் முழுதாக நம்புகிற சுபாவம் எனக்குக் கிடையாது. அதனால் எல்லா விவரங்களையும் நானே தனியாக நகல் எடுத்து, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பேன். விதிப்படி அது கூடாது. முந்தின நாள் எடுத்த நகல் அன்று இழுப்பறையில் இருந்தது. உட்கார்ந்தால் அந்த இழுப்பறை என் முழங்காலில் இடிக்கும்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எடுக்கத்தான் இருந்தேன். ஆனால் அந்த நேரம் எல்லாரும் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்களை விட்டா எனக்கு யாரும் இல்லக்கா. நான் எங்கயும் போகல" என்றான். சொல்லிவிட்டான், சார். அதை அவன் மனதில் கொஞ்சம் ஊறவிட வேண்டாமா?

அப்போதுதான் அந்த நர்ஸ் வந்தார். படியேறி மூச்சு வாங்கியது. வார்டில் ஒரு பாட்டு டீச்சர், நினைவில்லாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள், கூட யாரும் இல்லை. "மேடம், ஒரே ஒரு ஆளோட விவரம் போதும். போன வருஷமும் இங்கதான் படுத்திருந்தாங்க. ஏதோ ஒரு ஊசி அவங்களுக்கு ஆகவே ஆகாது. எதுன்னு எனக்கு ஞாபகம் வரல. டாக்டர் இனியும் காத்திருக்க முடியாதுங்கிறார்."

தம்பி துள்ளி எழுந்தான். "அக்கா, ஏதாவது வழி இருக்காக்கா?"

"இருந்தா சொல்ல மாட்டேனா?" என்றேன்.

நர்ஸ் வந்த வழியே படியிறங்கி ஓடினார். நான் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். முழங்காலில் இழுப்பறை இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பேரைத் தேடி ஒரு வரியைப் படித்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று பிறகு நானே சோதித்துப் பார்த்தேன். நிறம் மாற்ற ஆன நேரத்தைவிடச் சற்றுத்தான் அதிகம்.

மதியத்துக்குமேல் அந்த நர்ஸே மறுபடி வந்தார். இந்த முறை மூச்சு வாங்கவில்லை. "இனி வேண்டாம் மேடம்" என்று மட்டும் சொன்னார். அவர் படியிறங்கும் சத்தம் நின்றபின் நான் இழுப்பறையைத் திறந்தேன். அழிந்ததை மீட்டுவிட்டேன் என்று அறிவித்தேன். மேலாளர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். தம்பி தட்டவில்லை. தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தான்.

விசாரணையில் எல்லாப் பழியையும் அவன் தன்மேல் போட்டுக்கொண்டான். என்னைப் பற்றி நல்லதாக மட்டும் சொன்னான். புது வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டான். அதோடு எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அவன் கண் டாக்டரிடம் போனான். சிவப்பும் பச்சையும் தனக்குக் குழம்புகிறதோ என்று பயந்திருக்கிறான், பாவம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நேராக என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, நான் போன் பேசப் போனப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"உன் பக்கத்து நாற்காலியிலதான் இருந்தேன். ஏன்ப்பா?"

"அன்னிக்கு நான் அடிச்ச ஸ்கிரீன் என்ன கலர்ல இருந்துச்சு?"

"சிவப்புதான்."

வாசலுக்குத் திரும்பினான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன் மேடம்" என்றான்.

நீங்களாக என்னைக் கண்டுபிடிக்கவில்லை, நானாகத்தான் வந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தை மாற்றியது நான். பார்த்துக்கொண்டே 'சரி' என்றது நான். அந்த டீச்சருக்கு எந்த ஊசி ஆகாது என்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வழியில்லை என்று சொன்னதும் நான். அதே ஊசியைப் போட்டு அவர் செத்தது அதனால்தான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. இவ்வளவும் அவனுக்காகத்தான் செய்தேன் என்பது தெரிந்தால் அந்த 'மேடம்' என்கிற சொல்லை அவன் விட்டுவிடுவான்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஆனால் அதற்குமுன் ஒரு சின்ன ஏற்பாடு, எங்கள் பிரிவு வழக்கம்தான். நானாகப் படித்து நானாகப் போடக் கூடாது. வெளியே இருப்பவனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவன் முழுதாகப் படிக்கட்டும். நான் 'சரியாப்பா?' என்று கேட்பேன். அவன் 'சரிக்கா' என்று சொன்னதும் போட்டுவிடுகிறேன்.