விடிந்துவிட்டதாக நினைத்த நட்சத்திரம்

பிள்ளைகளே, கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு மாலை, அரியாங்குப்பம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க குடில் நட்சத்திரத்துக்கு நிமிஷத்துக்கு ஒருவாட்டி விடியுதுக்கா” என்றார் இளையவர். “இருட்டினா தானா எரியட்டும்னு எங்க வீட்டுக்காரர் சென்சாரும் அதுக்கொரு சர்க்யூட் போர்டும் வெச்சாரு. எரியுது, உடனே அணையுது, திரும்ப எரியுது. குடில் போட்டிக்கு மார்க் போட மாதா கோயில்லேர்ந்து இப்ப வந்துடுவாங்க.”

“சென்சார எங்க வெச்சாரு?”

“நட்சத்திரத்துக்கு நேர் கீழ, குடில் கூரை மேல.”

மூத்தவர் சிரித்துவிட்டார். “அப்ப நட்சத்திர வெளிச்சம் அது மேலதான விழும்? வெளிச்சம் வந்துடுச்சின்னு சென்சார் சொல்லுது. விடிஞ்சிடுச்சின்னு போர்டு முடிவு பண்ணுது. பல்பு அணையுது. அணைஞ்சா மறுபடி இருட்டு. மூணும் ஒழுங்காத்தான் வேல செய்யுது, வெச்ச எடந்தான் தப்பு.”

இளையவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். “என்னங்க, சென்சார எடுத்து குடிலுக்குப் பின்னாடி, நட்சத்திர வெளிச்சம் படாம, வானத்தப் பாத்தாப்ல வைங்க.”

“வயரு அசிங்கமா தெரியுமே” என்றது ஸ்பீக்கரில் கணவர் குரல்.

“தெரிஞ்சிட்டுப் போவுது. மாட்டு பொம்மைக்குப் பின்னாடி யாரு எட்டிப் பாக்கப் போறா?”

பேருந்து ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்வரை இருவரும் போனையே பார்த்தார்கள்.

“எரியுது. அணையவே இல்ல” என்றார் கணவர். “அய்யோ, தெருமுனைக்கு வந்துட்டாங்க.”

“வரட்டும்” என்றார் இளையவர். “நட்சத்திர வெளிச்சம் நல்லா விழற எடத்துலயே அவங்களுக்கு நாற்காலி போடுங்க.”