பழைய கம்ப்யூட்டரை எந்த மூஞ்சியோடு பார்ப்பது

"அந்தப் பழைய கம்ப்யூட்டரை இன்னிக்கி எந்த மூஞ்சியோட போய் பாக்கறதுன்னே தெரியலடி."

ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன். அவள் கழுத்திலும், பக்கத்தில் இருந்த இளையவள் கழுத்திலும் ஒரே ஷூ கம்பெனியின் அடையாள அட்டை.

"இன்னாக்கா ஆச்சி?"

"நேத்து ஒரு மெயில தொறந்தேன், அதுல வைரஸ். ஆபீஸ்ல அத்தன கம்ப்யூட்டரும் லாக் ஆயிடுச்சி. தோல் அளக்கற மெஷினுக்குப் பக்கத்துல பழைய விண்டோஸ் ஒண்ணு இருக்குதே, அது மட்டும் தப்பிச்சிடுச்சி. அதுக்கு நெட்டே கெடையாதே. இன்னிக்கி லோடு அனுப்ப அதுதான் கதி."

"அத்த தூக்கிப் போடச் சொன்னது நீதானக்கா?"

"நானேதான். விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போடலாம், ஃப்ரீ, ஒரே கம்பெனிய நம்பிக்கினு இருந்தா அவன் வெச்சதுதான் வெல, மார்க்கெட்ல போட்டி வேணும்னு மேனேஜர் எதிர்ல ஜாஸ்தியாவே பேசிட்டேன்."

"போன வாரம் எங்களுக்கெல்லாம் பாதுகாப்பு கிளாஸ் வேற எடுத்த."

"எடுத்தேன்."

"தெரியாத மெயில தொறக்காதீங்கன்னு சொன்னியே."

"சொன்னேன்டி."

"பின்ன ஏன் தொறந்த?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர் பாதுகாப்புல சிறந்த ஊழியர்னு எனக்கு விருதாம். பேரு சரியா போட்டிருக்கறானான்னு பாக்கத்தான் தொறந்தேன்."