உறை வந்து சேர்ந்தது

— ரத்தக் கசிவே இல்லையே, ட்ரூடி. நீங்க அனுப்பின மண்டை ஸ்கேன் படம் சுத்தமா இருக்கு. எதுக்கு ஹெலிகாப்டர்?

— என்ன சோல்வெய்க் சொல்றீங்க? வலது காதுக்கு மேல ரத்தம் கட்டி நிக்குது. இங்க எங்க சின்ன கிளினிக்ல, என் திரைல பளிச்சுனு தெரியுது. அங்க டுலூத் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரில அது உங்க கண்ணுல படலையா?

— மூளை அறுவை என் தொழிலு. இருந்தா எனக்குத் தெரியாதா?

— ஒரு நிமிஷம். ஓரின் பேசறேன், தகவல் கட்டமைப்புத் தலைவர். என் கண்காணிப்புப் பலகைல எல்லாம் பச்சை. உறை, அதான் படம் வெச்சு அனுப்பற மின்கடிதம், வந்து சேர்ந்தது, ரசீதும் வந்தாச்சு. கோட்பாட்டுப்படி தப்பு நடக்க வாய்ப்பே இல்ல.

— ஓரின், உறைக்கா மண்டைல அடிபட்டுச்சு? ஆர்விட் ஐஸ் கட்டின ஏரில மீன் பிடிக்கப் போயி வழுக்கி விழுந்தவரு. பேச்சு குழறுது. புயல் வருது. இப்ப கிளம்பலைன்னா நாளைக்குத்தான்கறா பைலட்.

— பதட்டம் கோட்பாட்டுக்கு உதவாது. படத்த எழுத்தா மாத்திக் கடிதத்துக்குள்ள திணிச்சா, கடிதம் ஊதிப் பெருத்துடும். அதனால படத்தப் படமாவே பின்னால கட்டி அனுப்பறோம். கடிதத்துல அதோட அடையாளப் பேரு மட்டும். டென்வர் மாநாட்டுல எழுந்து நின்னு கைதட்டினாங்க.

— நானும் தட்டறேன், இவரு பொழச்சதும். சோல்வெய்க், அந்தப் பேரு என்னன்னு வந்திருக்கு?

— "படம்-ஒன்று".

— "படம்-ஒன்று"ன்னா போட்டீங்க? ட்ரூடி!

— உங்க வழிகாட்டில இருந்தத எங்க ஆளுங்க அப்படியே வெட்டி ஒட்டினாங்க. ஒரு எழுத்தக்கூட மாத்தக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டது யாரு?

— அது மாதிரிக்கு! ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பேரு வெக்கணும். டுலூத் சர்வர்ல அந்தப் பேருல வெள்ளோட்டத்துக்கு அனுப்பின படம் ஏற்கெனவே கிடக்கு. புதுச விட்டுட்டு அதையே எடுத்துக் காட்டுது.

— அப்ப நான் பாத்தது ஆர்விட் தலையே இல்லையா? கடவுளே, அங்கயே வெச்சுக்கோங்கன்னு சொல்ல இருந்தேன்.

— கோட்பாட்டுப்படி—

— ஓரின், வாய மூடிட்டுப் பேர மாத்துங்க. வாந்தி எடுக்கறாரு மனுஷன்.

— மாத்திட்டேன். அனுப்பியாச்சு. பச்சை.

— பச்சைய யாரு கேட்டா? சோல்வெய்க், படம்?

— வருது... இருங்க, பாதிதான் வந்திருக்கு...

— கண்ண மூடாதீங்க ஆர்விட்! என்னப் பாருங்க! சோல்வெய்க், சீக்கிரம்!

— வந்துடுச்சு. வலது பக்கம். ஆமா, பெருசுதான். ஏத்துங்க ட்ரூடி. நான் அறுவை அறையத் தயார் பண்றேன்.

— தூக்குங்கப்பா! பாத்து, பாத்து... கதவு சாத்தியாச்சு. கிளம்பிடுச்சு, சோல்வெய்க். நீங்க பாத்துக்கோங்க.

— கவனிச்சீங்களா? கட்டமைப்பு தன்னத் தானே நிரூபிச்சுடுச்சு. இத அடுத்த மாநாட்டுல—

— ஓரின், நிறுத்துங்க. புதுப் படம் வர்றதுக்குள்ள அந்தப் பழைய படத்த இன்னொரு தரம் பாத்தேன். முன்னாடி கசிவையே தேடிக்கிட்டிருந்ததுல விட்டிருக்கேன். ரத்தக் குழாய் ஒண்ணு திராட்சை மாதிரி உப்பி நிக்குது. எப்ப வேணும்னாலும் வெடிக்கும். அந்த ஆளு யாரு? உடனே கூப்பிடணும்.

— அது வெள்ளோட்டத்துக்கு நான் அனுப்பின படம், டாக்டர்.

— அது தெரியும். யாரோட தலை அது, ஓரின்?

— மாநிலம் பூரா அனுப்பினேன், டாக்டர். எல்லா ஆஸ்பத்திரியும் கிடைச்சுதுன்னு பதில் போட்டுச்சு. ஒருத்தர்கூடத் திறந்து பாக்கலையா... அது என் தலை.